கலங்கிய நீரும் தெளிந்த கணக்கும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரி மாதம். தில்லிக் குளிர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எதிர் வீட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பெண், பதினொன்றாம் வகுப்பு படிப்பவள், இயற்பியல் ரெக்கார்டு நோட்டோடு வந்தாள்.

"மாமா, ஒரு தப்புப் பண்ணிட்டேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று ஆரம்பித்தாள்.

விஷயம் இதுதான். உயரமான கண்ணாடிக் குழாயில் விளக்கெண்ணெய் ஊற்றி, அதில் சின்ன எஃகுக் குண்டைப் போட்டு, அது இரண்டு குறிகளுக்கு நடுவே இறங்க எடுக்கும் நேரத்தை அளந்து, எண்ணெயின் பாகியலைக் கண்டுபிடிக்க வேண்டும். நம்மில் பலரும் பள்ளியிலோ கல்லூரியிலோ செய்த பரிசோதனைதான். அவளுக்குக் கிடைத்த விடை, புத்தகத்தில் அச்சிட்டிருந்த எண்ணைப்போல ஒன்றரை மடங்கு. பயந்துபோய், நேரக் கணக்குகளை எல்லாம் ரப்பரால் அழித்து, புத்தக விடைக்குக் கிட்ட வருகிற மாதிரி மாற்றி எழுதிவிட்டாள். ஆசிரியர் 'குட்' போட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

"மார்க் வந்துடுச்சு மாமா. ஆனா மனசுக்குள்ள உறுத்துது. எங்க தப்பு பண்ணினேன்னு தெரியலை."

பதில் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆனால் சொல்லவில்லை. அவள் அழித்த அந்த எண்ணுக்குப் பின்னால் இருநூறு ஆண்டுக் கதை ஒன்று இருக்கிறது. அதை முதலில் சொன்னேன். மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, அன்று சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதலாம் என்று தோன்றியது.

பாட்டியின் பானை

கதையை நம்ம வீட்டுப் பானையிலிருந்தே தொடங்கலாம். ஆற்றில் புதுவெள்ளம் வந்தால் தண்ணீர் செம்மண் நிறத்தில் இருக்கும். என் பாட்டி தேற்றாங்கொட்டை ஒன்றை எடுத்துப் பானையின் உட்புறத்தில் நாலு உரசு உரசிவிட்டுத் தண்ணீரை ஊற்றி வைப்பாள். கொஞ்ச நேரத்தில் மண் எல்லாம் அடியில் படிந்து, மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். இது மிகப் பழைய வழக்கம். கலங்கிய மனம் தெளிவதற்கு, தேற்றா விதையால் தெளிந்த நீரைக் கலித்தொகை உவமையாகச் சொல்கிறது. நீர் தெளிவதும் மனம் தெளிவதும் நமக்கு ஒரே சொல்தான். தண்ணீரைத் தேற்றுவதும் அழுகிறவரைத் தேற்றுவதும்கூட ஒரே வினைதான்.

தேற்றாங்கொட்டை என்ன செய்கிறது? சேற்றிலுள்ள நுண்துகள்களை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கிறது. துகள் பெரிதானால் சீக்கிரம் இறங்கும். எவ்வளவு சீக்கிரம்? இந்த இடத்தில்தான் கணக்கு வருகிறது.

நீருக்குள் இறங்கும் ஒரு துகளின்மேல் மூன்று விசைகள். கீழே இழுக்கும் எடை. மேலே தள்ளும் மிதப்பு விசை. நகர்வதைத் தடுக்கும் பாகியல் இழுவை. துகள் வேகம் எடுக்க எடுக்க இழுவையும் கூடும். மூன்றும் சமமாகிவிட்டால் அதன் பிறகு வேகம் கூடாது, குறையாது. அந்த நிலையான வேகத்துக்கு முற்றுத் திசைவேகம் என்று பெயர். இழுவை எவ்வளவு என்று சொல்வதுதான் ஸ்டோக்ஸ் விதி. ஆறு, பை, பாய்மத்தின் பாகியல் எண், துகளின் ஆரம், அதன் வேகம் ஆகிய ஐந்தையும் பெருக்கினால் இழுவை கிடைத்துவிடும். உருண்டையான துகளுக்கும், மெதுவான இயக்கத்துக்கும் இது பொருந்தும்.

எடை ஆரத்தின் முப்படியாகக் கூடுகிறது. இழுவையோ ஆரத்தின் ஒரே படியாகத்தான் கூடுகிறது. ஆகவே இறங்கும் வேகம் ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. துகள் பத்து மடங்கு பெரிதானால் வேகம் நூறு மடங்கு. இரண்டு மைக்ரோமீட்டர் விட்டமுள்ள களிமண் துகள் 30 செ.மீ. ஆழமுள்ள பானையின் அடிக்கு வந்து சேர ஏறக்குறைய ஒரு முழு நாள் ஆகும். அதே மண், 20 மைக்ரோமீட்டர் துகளாக இருந்தால் சுமார் 14 நிமிடம் போதும். பாட்டி வர்க்கக் கணக்குப் போடவில்லை. ஆனால் அந்தக் கணக்கின் பலனைக் குடித்துத்தான் நாங்கள் வளர்ந்தோம்.

இத்தனை எளிதான சூத்திரம் எங்கிருந்து வந்தது? சேற்று நீரைப் பார்த்து யாரும் இதைக் கண்டுபிடிக்கவில்லை. இது கடிகார ஊசலிலிருந்து வந்தது. அந்தக் கதையின் ஒரு முனை நம்ம சென்னையில் இருக்கிறது.

ஊசலும் பரங்கிமலையும்

1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே ஓர் அடிக்கோட்டை அளந்து தன் நில அளவையைத் தொடங்கினார். இந்தியத் துணைக்கண்டம் முழுவதையும் முக்கோணங்களால் அளந்த பெரும்பணியாக அது பின்னர் வளர்ந்தது. அந்தத் தொடக்க ஆண்டுகளில் லாம்டனுக்கு உதவியாக இருந்த இளம் ராணுவ அதிகாரிகளில் ஒருவர் ஹென்றி கேட்டர். நம்ம ஊர் வெயிலில் அலைந்து உடல்நலம் கெட்டு இங்கிலாந்து திரும்பியவர். அவர்தான் பிற்பாடு, 1817இல், இரண்டு பக்கமும் திருப்பித் தொங்கவிடக்கூடிய ஊசலை அமைத்தார். ஒரு வீச்சுக்கு ஒரு வினாடி எடுக்கும் வினாடி ஊசலின் நீளத்தை மிக நுட்பமாக அளக்க அது வழி செய்தது.

வினாடி ஊசலின் நீளம் எதற்கு? அது தெரிந்தால் அந்த இடத்தின் புவியீர்ப்பு தெரியும். பல இடங்களின் புவியீர்ப்பு தெரிந்தால் பூமி எவ்வளவு தட்டை என்பது தெரியும். சென்னை வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்ஹாம் 1821இல் அளந்தார். லண்டனில் இருப்பதைவிடச் சென்னையில் வினாடி ஊசல் சுமார் 3 மில்லிமீட்டர் குட்டை. நிலநடுக்கோட்டுக்கு அருகில் ஈர்ப்பு சற்றுக் குறைவு என்பதற்கு அது சாட்சி.

3 மில்லிமீட்டர் வித்தியாசத்தை வைத்து உலக உருண்டையின் வடிவத்தைச் சொல்ல வேண்டுமென்றால், ஊசலைச் சுற்றியிருக்கும் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். அதுவரை எல்லோரும் காற்றின் மிதப்பை மட்டும் கழித்துவிட்டு, மீதியைச் சின்ன விஷயம் என்று விட்டுவிட்டார்கள். 1828இல் ஜெர்மானிய வானியலாளர் பெஸ்ஸல், அது சின்ன விஷயம் இல்லை என்று காட்டினார். ஊசல் ஆடும்போது தன்னோடு கொஞ்சம் காற்றையும் இழுத்துக்கொண்டு ஆடுகிறது. லண்டனில் பிரான்சிஸ் பெய்லி, ஏறத்தாழ எண்பது ஊசல்களைக் காற்றிலும், காற்றை வெளியேற்றிய கலத்திலும் ஆடவிட்டு, 1832இல் அந்தத் திருத்தங்களை அட்டவணையாக வெளியிட்டார். எண்கள் கிடைத்தன. ஏன் அப்படி என்பதற்குக் கோட்பாடு இல்லை.

அந்தக் கோட்பாட்டைத் தந்தவர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். 1819இல் அயர்லாந்தின் ஸ்லைகோ மாவட்டத்தில் ஒரு பாதிரியார் வீட்டில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் 1841இல் கணிதத் தேர்வில் முதலிடம். 1849இல், முன்பு நியூட்டன் வகித்த லூக்காசியன் பேராசிரியர் பதவி. 1903இல் இறக்கும்வரை, 54 ஆண்டுகள், அதே நாற்காலி.

பாய்மத்தின் ஓர் அடுக்கு அடுத்த அடுக்கின்மேல் உராய்கிறது என்பதைச் சேர்த்து இயக்கச் சமன்பாடுகளை எழுதுவது பிரான்சில் நேவியர் 1820களில் தொடங்கியது. ஸ்டோக்ஸ் 1845இல் தன் வழியில் அதே சமன்பாடுகளுக்கு வந்தார். பிறகு ஊசல் குண்டை அதற்குள் வைத்துப் பார்த்தார். ஆடும் குண்டுக்குக் கணக்குப் போட்டுவிட்டு, அது ஆடாமல் ஒரே சீராகப் போனால் என்ன ஆகும் என்று கேட்டபோது வந்ததுதான் நம் சூத்திரம். ஊசலைப் பற்றிய அந்த நீண்ட கட்டுரையை 1850 டிசம்பரில் வாசித்தார், 1851இல் அச்சானது. பூமியை அளக்கப் போனவர்களின் தொந்தரவு ஒன்று, சேறு படிவதற்கு விதி தந்துவிட்டது!

மேகத்துளியில் முதல் சறுக்கல்

சூத்திரம் கிடைத்தவுடன் ஸ்டோக்ஸ் அதை மேகத்துக்குப் பயன்படுத்தினார். தண்ணீர் காற்றைவிடக் கனம். பின் மேகம் ஏன் கீழே விழவில்லை? துளி மிகச் சிறியது, ஆகவே மிக மெதுவாக இறங்குகிறது என்பது அவர் விடை. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள துளி, வினாடிக்கு ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று மேல், அதாவது சுமார் 4 செ.மீ. இறங்கும் என்று கணக்கிட்டார். அதில் பத்தில் ஒரு பங்கு விட்டமென்றால் வேகம் நூறில் ஒரு பங்கு.

கருத்து முழுக்கச் சரி. எண் சரியில்லை. இன்றைய அளவுகளைப் போட்டால் அந்தத் துளியின் வேகம் வினாடிக்கு 2 செ.மீ. அளவுதான். விடை ஏன் இரட்டிப்பாயிற்று? பெரும்பங்கு, அவர் போட்ட காற்றின் பாகியல் எண்ணால். அதைப் பெய்லியின் ஊசல் அளவுகளிலிருந்து எடுத்தார். அவருக்குக் கிடைத்த எண் உண்மை மதிப்பில் பாதிக்குக் கொஞ்சம் மேல். காற்றை வெளியேற்றினால் அதன் அடர்த்தி குறைகிற அதே விகிதத்தில் பாகியலும் குறையும் என்று அவர் எடுத்துக்கொண்டார். யாருக்கும் அப்படித்தானே தோன்றும்?

1860இல் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல், வாயு என்பது ஓடித்திரியும் மூலக்கூறுகளின் கூட்டம் என்ற கருத்திலிருந்து வினோதமான ஒரு முடிவுக்கு வந்தார். வாயுவின் பாகியல் அதன் அடர்த்தியைப் பொறுத்ததே அல்ல! அவருக்கே அது நம்பக் கஷ்டமாக இருந்தது. பிறகு லண்டன் வீட்டில், மனைவி கேத்தரினின் துணையோடு தானே அளந்து பார்த்தார். 1866இல் முடிவு வெளியானது. கோட்பாடு சொன்னது உண்மைதான். சூத்திரம் சரியாக இருந்தாலும் அதற்குள் போடும் எண் தவறாக இருந்தால் விடை தவறிவிடும் என்பதற்கு இது முதல் பாடம்.

அணுவைக் கண்டது

இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது, அணு என்று ஒன்று உண்மையிலேயே உண்டா என்று சந்தேகப்பட்ட பெரிய விஞ்ஞானிகள் இருந்தார்கள். அவர்களின் வாயை அடைக்க உதவியதில் ஸ்டோக்ஸ் விதிக்குப் பெரும் பங்கு உண்டு.

1905இல் ஆஸ்திரேலியாவில் வில்லியம் சதர்லாந்தும், சுவிட்சர்லாந்தில் ஐன்ஸ்டைனும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தார்கள். நீரில் ஒரு நுண்துகள் பரவும் வேகத்தையும், அதன்மேல் ஸ்டோக்ஸ் சொன்ன இழுவையையும் சேர்த்தால், மூலக்கூறுகளை எண்ணிவிடலாம். ஐன்ஸ்டைன் தன் முனைவர் பட்ட ஆய்வில் சர்க்கரைக் கரைசலை வைத்து இதைச் செய்தார். தண்ணீரில் நுண்துகள் கலந்தால் கலவையின் பாகியல் எவ்வளவு கூடும் என்பதும் அந்த ஆய்வின் பகுதி.

பாரிஸில் ழான் பெரின் இதைக் கண்ணாலேயே பார்த்தார். ஒரு மரத்தின் மஞ்சள் பிசினை நீரில் கரைத்து, ஒரே அளவுள்ள மிக நுண்ணிய உருண்டைகளாகப் பிரித்தெடுத்தார். அவற்றை நீரில் விட்டால் எல்லாமே அடியில் போய்ப் படிந்துவிடவில்லை. புவியீர்ப்பு கீழே இழுக்க, நீர் மூலக்கூறுகள் இடித்து இடித்து மேலே அனுப்ப, இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம். காற்று மண்டலத்தில் 5, 6 கிலோமீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி பாதியாகும். பெரினின் துளி நீரில் ஏறக்குறைய 30 மைக்ரோமீட்டர் ஏறினாலே உருண்டைகளின் எண்ணிக்கை பாதியாயிற்று. நுண்ணோக்கிக்குக் கீழே ஒரு குட்டி வானம்! இவ்வளவு சிறிய உருண்டைக்கும் ஸ்டோக்ஸ் விதி செல்லுமா என்பதையும் அவர் விட்டுவிடவில்லை. படியும் வேகத்திலிருந்து ஆரத்தைக் கணக்கிட்டு, வேறு வழியில் அளந்த ஆரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டும் ஒத்துப்போயின. 1926இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இங்கேதான் நம் கதைக்கு வேண்டிய ஒரு சம்பவம். பெரினின் ஆய்வகத்தில் பான்ஸ்லான் என்பவர், துகள் கலந்த நீரின் பாகியலை அளந்தார். ஐன்ஸ்டைனின் சூத்திரத்தோடு அது ஒத்துவரவில்லை. செய்தி ஐன்ஸ்டைனுக்குப் போயிற்று. அப்போது அவர் புகழ்பெற்றவர். 'உங்கள் அளவு தப்பு' என்று சொல்லியிருக்கலாம். அவரோ, தன் கணக்கைச் சரிபார்க்கும்படி லுட்விக் ஹாப் என்ற இளைஞரிடம் சொன்னார். ஹாப் தேடினார், கணக்கில் பிழை இருந்தது. 1911இல் ஐன்ஸ்டைன் திருத்தம் வெளியிட்டார். ஒரு கிராம் மோலில் உள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கை அதனால் 6.56ஐப் பத்தின் இருபத்து மூன்றாம் படியால் பெருக்கிய அளவாயிற்று. இன்றைய மதிப்பில் அந்த முன் எண் 6.02. திருத்துவதற்கு முன் வெகு தூரத்தில் இருந்தது, பக்கத்தில் வந்துவிட்டது.

மில்லிகனின் எண்ணெய்த் துளி

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம். சிகாகோவில் ராபர்ட் மில்லிகனும், அவருடைய மாணவர் ஹார்வி ஃபிளெட்சரும் 1909 முதல் எண்ணெய்த் துளிகளைக் காற்றில் விட்டுப் பார்த்தார்கள். துளி தானாக இறங்கும் வேகத்தை அளந்தால், ஸ்டோக்ஸ் விதிப்படி அதன் ஆரம் தெரியும். பிறகு மின்புலத்தைக் கொடுத்து அதே துளியை மேலே ஏற்றினால் அதன்மேல் உள்ள மின்னூட்டம் தெரியும். எல்லாத் துளிகளின் மின்னூட்டமும் ஒரே அடிப்படை அளவின் முழு மடங்குகளாகவே வந்தன. அந்த அளவுதான் எலக்ட்ரானின் மின்னூட்டம்.

மிகச் சிறிய துளிகளுக்கு ஸ்டோக்ஸ் விதி பிசகுவதையும் மில்லிகன் கவனித்தார். காற்று, தொடர்ச்சியான ஒரு பொருள் போல் ஸ்டோக்ஸ் எடுத்துக்கொண்டார். துளி மிகச் சிறிதானால், காற்று மூலக்கூறுகளின் நடுவே உள்ள வெற்றிடம் அதற்குத் தெரிய ஆரம்பித்துவிடும். துளி கொஞ்சம் வழுக்கிக்கொண்டு வேகமாக இறங்கும். 1910இல் கன்னிங்ஹாம் இதற்குத் திருத்தம் தந்தார். மில்லிகன் தன் அளவுகளிலிருந்தே அந்தத் திருத்தத்தைச் செய்துகொண்டார். இவ்வளவு கவனமான மனிதர்!

1913இல் அவர் தந்த எண், அந்நாளைய அலகில், 4.774ஐப் பத்தின் கழித்தல் பத்தாம் படியால் பெருக்கியது. 1923இல் நோபல் பரிசு. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் உலகம் முழுக்க அந்த எண்ணையே பயன்படுத்தியது. 1928 முதல் எக்ஸ் கதிர்களைக் கொண்டு படிகங்களை அளந்தவர்களுக்கு வேறு எண் வந்தது, சற்றே பெரியது. யார் சரி? நோபல் பரிசு வாங்கியவரா, இந்தப் புது ஆட்களா?

1932இல் ஷிபா என்ற ஜப்பானியர், மில்லிகன் எடுத்துக்கொண்ட காற்றின் பாகியல் எண்ணைச் சந்தேகித்தார். 1935இல் சுவீடனில் கெல்ஸ்ட்ரோம் அதை மறுபடி அளந்தார். ஆமாம், பிழை அங்கேதான் இருந்தது. மில்லிகன் போட்ட பாகியல் சுமார் நூற்றுக்கு 0.4 குறைவு. அவருடைய கணக்கில் அது ஒன்றரை மடங்காகி, மின்னூட்டம் நூற்றுக்கு 0.6 குறைந்துவிட்டது. இன்று ஏற்கப்பட்ட எண் 4.803. ஸ்டோக்ஸ் சறுக்கிய அதே காற்றின் பாகியலில், சுமார் அறுபது ஆண்டு கழித்து வந்தவர் பங்குக்கும் ஒரு சறுக்கல்!

1974இல் கால்டெக் பட்டமளிப்பு விழாவில் பேசிய ரிச்சர்ட் ஃபைன்மன் இதை நினைவுபடுத்தினார். மில்லிகனுக்குப் பின் வந்த அளவுகள் ஒரே தாவில் சரியான எண்ணுக்குப் போகாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியதாக அவர் சொன்னார். பெரியவரின் எண்ணிலிருந்து ரொம்ப விலகி வந்த அளவைக் கண்டால் 'எங்கோ தப்புப் பண்ணிவிட்டோம்' என்று தேடித் தேடி ஒதுக்குவது, கிட்ட வந்த அளவை அவ்வளவு சோதிக்காமல் ஏற்றுக்கொள்வது. அவர் சுட்டிய குற்றம் இதுதான்.

நான் இந்த இடத்துக்கு வந்ததும் எதிர் வீட்டுப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "நானும் அதைத்தானே மாமா பண்ணினேன்" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. கதையை முடிக்க வேண்டியிருந்தது.

லாகூரில் பிறந்த தமிழ்ப் பிள்ளை

நம்மைப் போல் வெளிமாநிலத்தில் வேலை பார்த்த ஒரு தமிழ்க் குடும்பம் இந்தக் கதையில் வருகிறது. வடமேற்கு ரயில்வேயின் கணக்குத் துறையில் லாகூரில் இருந்தவர் சி. சுப்ரமணிய ஐயர். அவருக்கு 1910 அக்டோபர் 19 அன்று லாகூரில் பிறந்த மகன் சுப்ரமணியன் சந்திரசேகர். பிறகு லக்னோ, அப்புறம் சென்னை, மாநிலக் கல்லூரி, கேம்பிரிட்ஜ், சிகாகோ. 1983இல் நோபல் பரிசு. விண்மீன்களின் முடிவைப் பற்றிய அவர் ஆய்வு எல்லோருக்கும் தெரியும். படியும் துகள்களைப் பற்றியும் அவர் எழுதியது அவ்வளவாகத் தெரியாது.

1943இல், தற்செயல் நிகழ்வுகளின் கணிதத்தைப் பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரை, இன்றும் ஆய்வாளர்கள் எடுத்துப் படிக்கும் ஒன்று. பெரின் கண்ட ஆட்டமும் புவியீர்ப்பும் சேர்ந்தால் துகள்கள் நேரப்போக்கில் எப்படிப் படியும் என்ற ஸ்மொலுச்சோவ்ஸ்கியின் கணக்கு அதில் முறையாக விரித்துத் தரப்பட்டிருக்கிறது. அதே ஆண்டில் இன்னொரு காரியமும் செய்தார். விண்மீன் கூட்டத்தின் நடுவே ஓடும் ஒரு விண்மீனை, மற்றவற்றின் ஈர்ப்பே இழுத்துப் பிடித்து மெதுவாக்குகிறது என்று காட்டினார். நீரில் இறங்கும் துகளுக்கு இழுவை இருப்பதுபோல, விண்மீனுக்கும் ஓர் உராய்வு. ஒரு பானை நீரில் தொடங்கிய சிந்தனை வானத்துக்கே போய்விட்டது.

ஒன்று எளிது, கூட்டம் கடினம்

ஸ்டோக்ஸ் விதி ஒரே ஒரு துகளுக்கானது. பானையில் இருப்பதோ கோடிக்கணக்கில். ஒவ்வொரு துகளும் இறங்கும்போது சுற்றியுள்ள நீரைக் கலக்குகிறது. அந்தக் கலக்கம் பக்கத்துத் துகளைத் தொடுகிறது. இரண்டே துகள்கள் அருகருகே இருந்தால், தனியாகப் போவதைவிட இரண்டும் வேகமாக இறங்கும். பானை முழுக்க இருந்தால் எதிர்மாறு. கீழே போகும் துகள்களுக்கு இடம் விட நீர் மேலே வர வேண்டும், அது எல்லோரையும் தாமதப்படுத்தும். கேம்பிரிட்ஜின் ஜார்ஜ் பேட்ச்சலர் 1972இல் இதற்குத் தெளிவான கணக்குத் தந்தார். கலவையின் கனஅளவில் நூற்றுக்கு ஒரு பங்கு துகள் இருந்தாலே, சராசரி வேகம் நூற்றுக்கு ஆறரை குறைந்துவிடும். 1851க்கும் 1972க்கும் நடுவே 121 ஆண்டுகள். பக்கத்து வீட்டுக்காரரைக் கணக்கில் சேர்க்க அவ்வளவு காலம் ஆயிற்று!

இன்றும் இது முடிந்த கதை இல்லை. 2019இல் ராகுல் சஜ்வா, நாராயணன் மேனன், ஸ்ரீராம் ராமசாமி ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு ஒன்றைச் சொல்ல வேண்டும். பெங்களூரு ஆய்வாளர்களின் பங்கு இதில் பெரிது. உருண்டைக்குப் பதிலாக இரண்டு சின்ன வட்டத் தகடுகளை, காசைச் செங்குத்தாகப் பிடித்தாற்போல், பாகான திரவத்தில் பக்கம் பக்கமாக இறங்க விட்டார்கள். தகடுகள் ஒன்றையொன்று அணுகி, திரும்பி, விலகி, மறுபடி அணுகின. அந்த இயக்கத்தின் கணக்கை எழுதிப் பார்த்தால், சூரியனைக் கோள்கள் சுற்றுவதற்குக் கெப்ளர் சொன்ன பாதைகளின் அதே கணிதம்! வேறு சில நிலைகளில் தகடுகள் ஒருமுறை நெருங்கிவிட்டு ஒரேயடியாகப் பிரிந்து போகின்றன, சூரியனைத் தொட்டுவிட்டுத் திரும்பாத வால்நட்சத்திரம்போல. பள்ளிப் பாடத்தில் அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டதாகத் தோன்றும் விஷயத்தில் இன்னும் இவ்வளவு மிச்சம் இருக்கிறது.

அழித்த எண்

எதிர் வீட்டுப் பெண்ணின் நோட்டுக்குத் திரும்புவோம். கதை முடிந்ததும் அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"புத்தகத்துல போட்டிருக்கிற பாகியல் எண் எந்த வெப்பநிலைக்கு?"

புரட்டிப் பார்த்தாள். 20 டிகிரி செல்சியஸ் என்று சின்ன எழுத்தில் இருந்தது.

"நீ பரிசோதனை செஞ்ச அன்னிக்கு லேப் எவ்வளவு குளிரா இருந்தது?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! அன்று காலை சுவரிலிருந்த வெப்பமானியில் 15 டிகிரிதான் இருந்ததாம். விளக்கெண்ணெய் குளிரில் கெட்டிப்படும் என்பது நம்ம வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்ததே. 20 டிகிரியில் அதன் பாகியல் 0.99 அலகு என்றால், 30 டிகிரியில் 0.45, 10 டிகிரியில் 2.4. பதினைந்து டிகிரியில் எவ்வளவு இருக்கும்? ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அவள் அழித்த விடை!

அவள் சரியாகவே அளந்திருந்தாள். தப்பு அளந்ததில் இல்லை, அழித்ததில். ஸ்டோக்ஸ் காற்றைப் பற்றி எடுத்துக்கொண்டது தவறு, அவர் விதி நிலைத்தது. ஐன்ஸ்டைன் கணக்கில் சறுக்கினார், திருத்திக்கொண்டார். மில்லிகனின் எண்ணை யாரோ ஒரு ஷிபா சந்தேகித்ததால் அது சரியாயிற்று. இந்த மூவரின் பெருமையும் இதனால் ஒரு துளிகூடக் குறையவில்லை.

'பெரியவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்று சொல்லித்தான் நம் பிள்ளைகளை வளர்க்கிறோம். வெளியூரில் பிழைக்க வந்த நமக்கு மார்க்கும் முக்கியம், வேலையும் முக்கியம். அதில் தப்பில்லை. ஆனால் நோட்டில் எழுதும் எண்ணை மட்டும், கண் கண்டதையே எழுது என்று சொல்லிக்கொடுப்போம். விடை புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை என்று பிள்ளை வந்து நின்றால், திட்டாமல், எந்த வெப்பநிலை என்று கேட்போம்.

அந்தப் பெண் மறுநாள் ஆசிரியரிடம் போய் உண்மையைச் சொன்னாள். மறுபடி செய்து பார்க்க அவர் அனுமதித்தார். இந்த முறை வெப்பநிலையையும் சேர்த்து எழுதினாள். விடை மறுபடியும் புத்தக எண்ணைவிட அதிகம்தான். பக்கத்தில் காரணத்தை நாலு வரி எழுதி வைத்தாள். ரப்பர் தேவைப்படவில்லை.

கலங்கிய நீர் தெளியத் துகளின் அளவைப் பொறுத்து நேரம் ஆகும். மனிதர் கணக்கு தெளிய எண்பது ஆண்டுகூட ஆகலாம். அதுவரை பானையை அசைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுமையும், அவ்வப்போது ஒரு தேற்றாங்கொட்டையும் வேண்டும்.